கலர் கம்மி

கேமராக்காரர் வேலை முடிந்து வந்து, சாப்பாடு என்ன என்று கேட்டால் எல்லாம் நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். தலைவலி என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டால் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறார் என்று அர்த்தம். அன்றைக்கு அவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. மெமரி கார்டை மனைவியின் மேசையில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே போர்வைக்குள் போய்விட்டார். இத்தனை வருஷம் அவரோடு குப்பை கொட்டியவளுக்கு இது புரியாதா என்ன?

அவள்தான் கலர்க்காரி. அவர் டிஎஸ்எல்ஆர் கேமராவில் வீடியோ எடுத்து வருவார், அவள் மாடி அறையில் உட்கார்ந்து கலர் கிரேடிங் செய்வாள். கேமராவிலிருந்து வரும்போது காட்சி எல்லாம் வெளுத்துப்போய் உப்புச்சப்பில்லாமல்தான் இருக்கும். அதன் வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து, மனிதர் மனிதராகவும் மரம் மரமாகவும் தெரிய வைப்பது அவள் வேலை. தெருவில் இரண்டு பேரையும் தொழிலை வைத்தே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். கேமரா வீட்டில் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், இல்லை, கலர்தான் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

கார்டைப் போட்டுத் திறந்தாள். முதல் காட்சியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். எல்லாம் நீலம். வானம் நீலம், சரி. கடல் நீலம், அதுவும் சரி. கிரேன் நீலம், கம்பி நீலம், கிரேனுக்குள் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம், கை, பல் எல்லாம் நீலம்.

"என்னங்க," என்று படிக்கட்டில் நின்று கீழே பார்த்துக் கேட்டாள், "உங்க தங்கச்சி கடலுக்கு மேல வேலை பாக்கறாளா, அடியில வேலை பாக்கறாளா?"

போர்வை அசையவில்லை.

அந்தக் கிரேனுக்குள் இருந்தது அவருடைய ஒரே தங்கைதான். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கண்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரியில் இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறாள். அங்கே அந்த வேலை செய்யும் ஒரே பெண் அவள். நிர்வாகம் ஆண்டு விழாவுக்கு ஒரு படம் போட நினைத்தது, கிரேன்காரியின் அண்ணன் கேமராக்காரர் என்று தெரிந்து வேலையை அவரிடமே கொடுத்தது. தொழிலாளிகளின் குடும்பம் முழுவதும் விழாவுக்கு வரும், பெரிய திரையில் போடுவார்கள். படத்தின் பாதி கிரேன்காரிதான். அவளுடைய காட்சி சரியாக வராவிட்டால் பழைய கப்பல் படங்களைப் போட்டு இட்டு நிரப்பிக்கொள்வதாக விளம்பர அதிகாரி முன்பே சொல்லியிருந்தார். கிரேனுக்குள் வெளியாளை ஏற்ற ஒரே ஒரு தடவைதான் அனுமதி. மறுபடி எடுக்கலாம் என்ற பேச்சே இல்லை.

நடந்தது என்ன என்பது சாயங்காலம் வேலை முடிந்து வந்த தங்கையின் வாயால்தான் வெளியே வந்தது. கேமராக்காரருக்கு அதற்கு முந்தைய வேலை ஒரு மண்டபத்துக்குள், மஞ்சள் விளக்குகளுக்கு நடுவில். அந்த மஞ்சளை அடக்க கேமராவில் நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை விளக்குக் கணக்கில் வைத்திருந்தார். வெயிலுக்கு வந்தால் அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் எடுத்தால் உலகமே நீலமாகிவிடும், படிக்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கிரேனின் அறைக்குத் தரை கண்ணாடி. காலுக்குக் கீழே கப்பல், கப்பலுக்குக் கீழே கடல். ஏறினதிலிருந்து மனிதர் கண்ணையே சரியாகத் திறக்கவில்லை.

"நான் ஒரு கையால லீவரப் பிடிச்சேன் அண்ணி, இன்னொரு கையால அண்ணனோட பெல்ட்டப் பிடிச்சேன்," என்றாள் கிரேன்காரி.

கேமராக்காரர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, அது காற்று அதிகமாக இருந்ததால் என்று பூசி மெழுகப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் ஏது காற்று என்று தங்கை கேட்டதும் தலை மறுபடி உள்ளே போய்விட்டது. கலர்க்காரி அவரை ஒரு பிடி பிடித்திருப்பாள். ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. அரைக்கண்ணில் எடுத்தாலும் பழகிய கையால் மனிதர் அற்புதமாக எடுத்திருந்தார். வெளியே கடல் வெயிலில் வெளுத்துப்போய்விடாமல் வெளிச்சத்தை அளந்து வைத்திருந்தார். கோணம் ஒவ்வொன்றும் ஜோராக இருந்தது. அதற்காகத் திட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தாள். பெரிய சினிமா கேமராவில் எடுத்திருந்தால் நீலத்தை ஒரே திருப்பில் துடைத்துவிடலாம். இந்தக் கேமரா அப்படியில்லை. அது காட்சியைச் சுருக்கி இறுக்கித்தான் வைத்துக்கொள்ளும், அளவுக்கு மீறி இழுத்தால் படம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். கொஞ்சம் நீலத்தைக் குறைத்தாள், கொஞ்சம் சிவப்பை ஏற்றினாள், உடைகிறதா என்று பார்த்தாள், ஒரு மயிரிழை பின்வாங்கினாள். எதை வைத்துச் சரியென்று சொல்வது? வாசல் ஆணியில் கிரேன்காரியின் பழைய ஹெல்மெட் தொங்கியது, ஆரஞ்சு நிறம். அதை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, திரையில் இருந்த ஹெல்மெட் அதே நிறத்துக்கு வரும்வரை விடவில்லை.

ஹெல்மெட் வந்துவிட்டது, முகம் வர வேண்டுமே. திரையின் ஓரத்தில் ஒரு வட்டம் இருக்கும், காட்சியில் உள்ள நிறமெல்லாம் அதில் புள்ளிகளாகத் தெரியும். அந்த வட்டத்தில் சாய்வாக ஒரு கோடு உண்டு. முகத்தின் நிறம் சரியாக இருந்தால் புள்ளிகள் அந்தக் கோட்டின்மேல் வந்து உட்காரும். கறுப்பு, மாநிறம், சிவப்பு என்றெல்லாம் நாம்தான் தரம் பிரித்துக்கொண்டு திரிகிறோம், கோட்டுக்கு அது எதுவும் தெரியாது. யாருடைய தோலானாலும் அதே கோடுதான், கொஞ்சம் வெளிச்சம் கூடும் குறையும், அவ்வளவுதான். தொழிலுக்கு வந்த புதிதில் இதைத் தெரிந்துகொண்ட அன்று கலர்க்காரிக்கு ஏனோ சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கோபத்துக்குக் காரணம் மாமியார். மாமியார் கெட்டவள் இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காது அவளுக்கு. ஆனால் நாக்கில் ஒரு சொல் குடியிருந்தது. பொண்ணு குணம் தங்கம், வேலையில் கெட்டி, கொஞ்சம் கலர் கம்மி. இது மருமகளைப் பற்றி. என் மகளா, நல்ல உயரம், நல்ல முடி, கலர்தான் கம்மி. இது மகளைப் பற்றி. துணிக்கடையில் மகள் மஞ்சளை எடுத்தால் உன் கலருக்கு இது எடுக்காது என்பாள், சிவப்பை எடுத்தாலும் எடுக்காது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு வருவார்கள். கலர்க்காரி பிறத்தியார் வீட்டுப் பெண், அந்தப் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டாள். நாத்தனாருக்குப் பிறந்ததிலிருந்து அதே பாட்டு. இரண்டு காதும் நிரம்பிப் போயிருந்தது.

இன்னொன்றும் உண்டு. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் துறைமுகத்தில் ஏதோ வேலை என்றுதான் மாமியார் சொல்வாள். கிரேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவது ஒரு வேலையா என்பது அவள் எண்ணம். துறைமுகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் போய்ப் பார்த்ததில்லை. விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார்கள், இப்போது வந்தாக வேண்டும்.

சாயங்காலம் கிரேன்காரி மாடிக்கு வந்தபோது காட்சி தயாராக இருந்தது. நீலம் போன இடம் தெரியவில்லை. கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பல், பச்சையும் துருவுமாகப் பெட்டிகள், அதற்கும் கீழே ஆழமான கடல். அந்த உயரத்தில், கன்னத்தில் ஒரு கீற்று வெயிலோடு, நல்ல கறுப்பில் பளபளவென்று அவள் முகம். கலர்க்காரிக்கே தன் கையைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. பாராட்டுக்காகத் திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனார் ரொம்ப நேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணி, என்னைக் கொஞ்சம் கலரா காட்ட முடியுமா?" என்றாள்.

கலர்க்காரிக்குச் சுருக்கென்றது. கலராகத்தானே காட்டியிருக்கிறேன், இத்தனை கலர் போதாதா என்று தெரியாதவள் போலக் கேட்டாள்.

"விளையாடாதீங்க. வெளுப்பா. அம்மா பாப்பாங்கல்ல," என்றாள் அவள். "ஒரே ஒரு தடவை என்னைப் பாத்து அவங்களுக்கு சந்தோஷமா இருக்கணும் அண்ணி. வேற எதுவும் வேண்டாம்."

கலர்க்காரிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது டன்னைத் தூக்கிக் கடலுக்கு மேலே நடத்துகிறவள், முகத்துக்கு மாவு பூசச் சொல்கிறாளே என்று நினைத்தாள். முடியாது என்றாள். கல்யாண வீடியோக்காரர்கள் கேட்டே நான் செய்ததில்லை, உனக்கா செய்வேன் என்று படபடவென்று பொரிந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நாத்தனார் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முகம் யாருடையது என்று கேட்டாள்.

செய்தாள். மனசே இல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். முகத்தை மட்டும் தனியாக வெட்டி வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தாள், ஓரமெல்லாம் பிசிறடித்தது. இந்தக் கேமராவின் கோப்பு அதற்குத் தாங்காது. அதனால் முழுக் காட்சியையும் ஏற்ற வேண்டி வந்தது. முகம் வெளுக்க வெளுக்க, பின்னால் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் கரைய ஆரம்பித்தது. முதலில் வானம் போனது. பிறகு கப்பல் போனது. கடைசியில் கடலும் போய், நாலு பக்கமும் வெள்ளை. நடுவில் மைதா நிறத்தில் ஒரு பெண், சிரித்த முகமாக. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு, நானா இது, நானா இது என்று சந்தோஷப்பட்டாள். ஓடிப்போய் அம்மாவைக் கையோடு அழைத்து வந்தாள்.

மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மலர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, அப்படியொரு மலர்ச்சியைக் கலர்க்காரி அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

"என் கண்ணே பட்டுடும் போல இருக்கே. எவ்ளோ லட்சணமா இருக்கா," என்றாள். மகளின் கன்னத்தைத் தடவி, திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அந்த நிமிஷத்தில் கலர்க்காரியும் தோற்றுத்தான் போனாள், கோபத்தை விழுங்கிக்கொண்டாள்.

பிறகு மாமியார் எழுந்துகொண்டே கேட்டாள்: "ஆமா, இது எந்த ரூம்ல உக்காந்து எடுத்தது? நல்லா வெளிச்சமான ரூமா இருக்கே."

மாமியார் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. திரையில் இருந்தது அதுதான். வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வெளுத்த பெண். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த நினைப்பில், பதிலுக்குக் காத்திருக்காமல் மாமியார் படியிறங்கிப் போய்விட்டாள்.

கிரேன்காரியின் முகம் சுண்டிப்போயிருந்தது. அழுவாளோ என்று கலர்க்காரி பயந்தாள். அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, திரையைக் கிட்டத்தில் பார்த்தாள். கப்பல் இருந்த இடத்தை விரலால் தொட்டாள். அங்கே ஒன்றுமே இல்லை.

"ரூமாம் அண்ணி," என்றாள். "அந்த ஏணியில முதல் நாள் ஏறினப்போ எனக்குக் கால் எப்படி நடுங்குச்சு தெரியுமா? கீழ நின்னுட்டிருந்த அத்தனை பேரும், இவ பாதியிலயே இறங்கிடுவான்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நான் இறங்கல. இன்னைக்கு வரைக்கும் ஒரு பெட்டிய நான் இடிச்சதில்ல. ரூம்னு சொல்லிட்டுப் போறாங்க."

கலர்க்காரிக்கு நாக்கு துடித்தது, நான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கியதுதான் அன்றைக்கு அவள் செய்த வேலையிலேயே பெரிய வேலை.

"எனக்கு என் கடல் வேணும்," என்றாள் கிரேன்காரி. "கடலைத் திரும்ப வைங்க அண்ணி. முகம் எப்படி இருக்கணுமோ அப்படி இருந்துட்டுப் போகட்டும்."

இரண்டு பேரும் சேர்ந்தே உட்கார்ந்து முடித்தார்கள். வெளிச்சம் இறங்க இறங்கக் கடல் திரும்பி வந்தது, கப்பல் வந்தது, கப்பலின் பக்கத்தில் நின்ற லாரி வந்தது. அந்தப் பச்சை இன்னும் கொஞ்சம் கறுப்போடியிருக்கும், இந்தத் துரு இவ்வளவு சிவப்பில்லை என்று கிரேன்காரி சொல்லச் சொல்லக் கலர்க்காரி திருத்தினாள். தினமும் பார்க்கிறவளின் கண் ஆயிற்றே. கேமராக்காரர் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்து, கண்ணாடித் தரைக் காட்சி வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

விழா அன்றைக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மாமியார் சாம்பல் நிறச் சேலையில், மகனுக்கும் மருமகளுக்கும் நடுவில், யாரையும் தெரியாத இடத்தில் உட்காருகிற கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். கிரேன்காரி தன் கூட்டாளிகளோடு பின்வரிசையில் இருந்தாள். விளக்கை அணைத்தார்கள். கலர்க்காரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். மாடி அறைத் திரையில் சரியாக இருப்பது மண்டபத்துத் திரையில் எப்படி விழுமோ, யார் கண்டது? அதைவிட, பக்கத்தில் இருக்கிற இந்த அம்மாள் மகளைப் பார்த்து, கலர் கம்மி என்று அந்த இருட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஒரு கை வந்தது, லீவரின்மேல். பிறகு பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள். கால்களுக்குக் கீழே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே எங்கேயோ கப்பல். கப்பலின் தளத்தில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள், அரிசி மணி அளவுக்குத் தெரிந்தார்கள்.

"இது எங்கடா?" என்று மாமியார் மகனிடம் கேட்டாள்.

அன்றைக்கு மாடிக்கு வந்து படத்தில் பார்த்தாயே, அதே இடம்தான், உன் மகள் உட்காருகிற இடம் என்றார் கேமராக்காரர். மாமியார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள்.

திரையில் ஒரு பெட்டி கப்பலிலிருந்து எழுந்தது. வீடு அளவுக்குப் பெட்டி. அது ஆடாமல் அசையாமல் கடலுக்கு மேலே நடந்து வந்தது. கீழே லாரிக்காரர் ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு நிம்மதியாகக் காத்திருந்தார், தன் தலைக்கு மேலே அவ்வளவு பெரிய கனம் வருகிறது என்ற கவலையே இல்லாமல். அப்போதுதான் முகம் வந்தது. கன்னத்தில் வெயில் விழுந்த, கறுத்த, கண்ணிமைக்காத முகம். உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். ஒரு விரல் லேசாக நகர்ந்தது. பெட்டி லாரியின்மேல் பூப்போல உட்கார்ந்தது.

மாமியார் எழுந்து நின்றுவிட்டாள்.

என்ன ஆயிற்று என்று கலர்க்காரி பதறினாள். கேமராக்காரர் சேலை நுனியைப் பிடித்து இழுத்து, உட்காரும்மா என்று கெஞ்சினார். உட்காரவில்லை. முன்வரிசை அது, படம் போடுகிற வெளிச்சத்தில் அவளுடைய கொண்டையின் நிழல் திரையில் விழுந்தது. ஒரு புள்ளி பிசகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து மீட்ட கடலில் பாதியை அந்தக் கொண்டை மறைத்தது. வேறு யாராவது அப்படி நின்றிருந்தால் கலர்க்காரி சும்மா விட்டிருக்க மாட்டாள். இப்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நெஞ்சு கொள்ளாத பெருமை, யாரை நினைத்து என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னாலிருந்து சத்தம் போட ஆரம்பித்தார்கள். உட்காருங்கம்மா, மறைக்குதும்மா என்று துறைமுகத்துக் குரல்கள். மாமியார் மெதுவாகத் திரும்பினாள். இருட்டில் முகம் தெரியாத அத்தனை பேரையும் பார்த்துச் சொன்னாள்.

"அது என் பொண்ணு. நீங்கல்லாம் தினமும் பாக்கறீங்க. நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."